எல்லை கடந்த அவியல்

திருவனந்தபுரத்து இளைஞர்கள் 2008-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் மலையாள ராக் இசைக்கு ஒரு முகவரி தந்தது. அதில் ஒரு பாட்டின் வேர், பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே தமிழ் மண்ணில் இருக்கிறது.

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்திலும், இடுக்கியின் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியார் வட்டாரத்திலும் இரண்டு மொழிகளில் வாழ்வது ஒரு சாதனையே அல்ல. வீட்டில் தமிழ், தாலுகா அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. இப்படிப்பட்ட ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு மலையாள ராக் ஆல்பத்தின் பாடல் பட்டியலைக் கொடுத்தால் அவருக்கு அகராதி தேவைப்படாது. 'நட நட', 'எட்டாம் பாட்டு', 'ஆடு பாம்பே'. மூன்றும் தமிழாகவே காதில் விழும். 'ஞான் ஆரா' என்றால் 'நான் யார்' என்று எல்லையில் வசிக்கும் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆல்பத்தின் பெயர் இன்னும் எளிது: 'அவியல்'.

பாடிய குழுவின் பெயரும் அதுதான். 2003-ல் திருவனந்தபுரத்தில் உருவான இந்தக் குழு, மும்பையின் ஃபாட் ஃபிஷ் ரெகார்ட்ஸ் நிறுவனத்தின் மூலம் 2008-ல் தன் முதல் ஸ்டுடியோ ஆல்பத்தை வெளியிட்டது. மொத்தம் எட்டுப் பாடல்கள். டோனி ஜான் பாட்டும் டர்ன்டேபிளும், ரெக்ஸ் விஜயன் கிதார், மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ், பின்னி ஐசக் பேஸ் கிதார். வரிகளில் பெரும்பங்கு எங்கண்டியூர் சந்திரசேகரன், பி.பி. கிரீஷ் ஆகியோருடையது. எட்டில் ஒன்றுகூட சினிமாவுக்காக எழுதி விற்காமல் போன சரக்கு அல்ல. ஒன்றுகூட ஆங்கிலப் பாட்டும் அல்ல. அன்றைய கேரளத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம்.

ஆங்கிலத்தில் தொடங்கிய கதை

கேரளத்துக்கு ராக் புதிதல்ல. கொச்சியில் 1970-களின் பிற்பகுதியில் கிளம்பிய '13 ஏ.டி.' குழு, ஹோட்டல் மேடைகளில் மேற்கத்திய வெற்றிப் பாடல்களை வாசித்து வளர்ந்தது. பிறகு சொந்தமாக எழுதி, 1990-ல் 'கிரவுண்ட் ஜீரோ' ஆல்பத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ராக் ரசிகர்கள் இருந்த கல்லூரி விடுதிகளில் எல்லாம் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அடுத்த தலைமுறையில் 'மதர்ஜேன்' வந்தது. அதுவும் கொச்சிக் குழுதான். 'அவியல்' வெளியான அதே 2008-ல் அது வெளியிட்ட 'மக்தூப்' ஆல்பத்தில் பைஜு தர்மஜன் கர்நாடக இசையின் கமகங்களை மின் கிதாரில் கொண்டுவந்து காட்டினார்.

ஆனால் இந்தக் குழுக்கள் பாடியது ஆங்கிலத்தில். அதற்குக் காரணங்கள் இருந்தன. ராக் இசையின் ஏற்ற இறக்கமே ஆங்கில அசைகளுக்குப் பொருந்தி வளர்ந்தது. சட்டென்று முடியும் சொற்கள், வரியின் கடைசியில் விழும் அழுத்தம். மலையாளமும் தமிழும் அப்படி இல்லை. விகுதிகள் சேர்ந்து சொற்கள் நீள்கின்றன. நான்கு தட்டுக்குள் அவற்றை அடக்கினால் பஸ்ஸில் நெரிசலாக ஏறியது மாதிரி இருக்கும். இன்னொரு காரணம் சந்தை. மலையாளத்தில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. அதை விட்டால் ஓணப் பாட்டும் பக்திப் பாட்டும். கே.ஜே. யேசுதாஸ் 1980-ல் தொடங்கிய தரங்கிணி நிறுவனம் சினிமா சாராத பாடல்களுக்கு ஒரு கடையைத் திறந்தது. ஆனால் அங்கே மின் கிதாரோடு கத்துகிறவர்களுக்கு இடமில்லை.

'அவியல்' இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எளிமையானது. நீளமான இலக்கியச் சொற்களை விட்டுவிட்டு, வயலிலும் தெருவிலும் புழங்கும் சொற்களுக்குப் போனார்கள். நடவு நடும்போதும் பாரம் இழுக்கும்போதும் பாடிய பாட்டுகளில் சொற்கள் ஏற்கெனவே வெட்டி வெட்டித்தான் இருக்கின்றன. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், மூச்சு விடும் இடத்தில் வரி முடியும். 'நட நட' என்பதை டிரம்ஸோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் போதும். இரண்டு அசை, இரண்டு தட்டு. கிராமத்துப் பாட்டின் இலக்கணமும் ராக்கின் இலக்கணமும் அங்கே கை குலுக்கிக்கொள்கின்றன.

ஆல்பம் கடைக்கு வரும் முன்பே 'நட நட' வீடியோ இளைஞர்களிடம் பரவியிருந்தது. அந்த ஆரம்ப நாட்களில் குழுவுக்குப் பாடியவர் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால். அவர் விலகிய பிறகு பாடும் பொறுப்பு டோனி ஜானுக்கு வந்தது. ஒரு பாட்டுக்காகப் பேர் வாங்கிய குழு முழு ஆல்பத்தைத் தர ஆண்டுகள் பிடித்தன.

ஸ்டுடியோ என்னும் பரீட்சை

மேடையில் வெற்றி பெறும் குழு ஸ்டுடியோவில் தோற்பது சகஜம். மேடையில் வெளிச்சம் உண்டு, கூட்டம் உண்டு, தவறான சுரம் கைதட்டலில் மூழ்கிவிடும். ஸ்டுடியோவில் டிரம்ஸ் தனியாக, பேஸ் தனியாக, கிதார் தனியாக, குரல் கடைசியாக என்று அடுக்கடுக்காகப் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கையும் தனியே கேட்கும்போது, யார் எங்கே பிந்துகிறார் என்பது பளிச்சென்று தெரியும். சினிமாப் பாட்டுக்கு ஸ்டுடியோ வாடகையைத் தயாரிப்பாளர் கட்டுகிறார். சுயேச்சைக் குழுவுக்கு ஒவ்வொரு மணி நேரமும் சொந்தப் பணம், அல்லது நம்பிக்கை வைத்த ஒரு நிறுவனத்தின் பணம்.

அந்த நம்பிக்கை கேரளத்துக்கு வெளியிலிருந்து வந்தது. ஃபாட் ஃபிஷ் அதற்கு முன்பும் இதே பந்தயத்தைக் கட்டியிருந்தது. 2004-ல் ராப்பி ஷெர்கிலின் முதல் ஆல்பத்தை வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். பஞ்சாபி சூஃபிக் கவி புல்லே ஷாவின் பாடலை ஒரு கிதாரோடு பாடி ராப்பி நாடெங்கும் பேசப்பட்டார். அந்தப் பாட்டின் கேள்வியும் 'நான் யார்' என்பதுதான். நான்கு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்திலிருந்து மலையாளத்தில் 'ஞான் ஆரா'. உள்ளூர் மொழியில் பழைய ஞானியைத் துணைக்கு அழைத்தால் ராக் புரியாத ராக்கதம் ஆகாது என்பதை இரண்டு ஆல்பங்களும் நிரூபித்தன.

'அவியல்' ஆல்பத்தின் ஒலியில் மண்வாசனைக்காக ஒரு செண்டையையோ புல்லாங்குழலையோ முன்னே நிறுத்தும் வழக்கமான தந்திரம் இல்லை. கிதார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு, ரெகார்டுத் தட்டை விரலால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் கீறல் சத்தம்: எல்லாம் மேற்கத்தியவை. ஊர் இருப்பது சொல்லிலும், சொல்லை உச்சரிக்கும் விதத்திலும். சமையலிலும் அப்படித்தான். அவியலில் எந்தக் காய் வேண்டுமானாலும் போடலாம். தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் கடைசியில் விழுந்தால்தான் அது அவியல். குழு இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல.

'கருகர' என்ற பாட்டு இதற்கு நல்ல உதாரணம். அதன் வரிகள் நாடகாசிரியரும் கவிஞருமான காவாலம் நாராயண பணிக்கருடையவை. ஜி. அரவிந்தன் 1979-ல் எடுத்த 'கும்மாட்டி' படத்தில் ஏற்கெனவே ஒலித்தவை. கும்மாட்டி என்பது பாலக்காடு, திருச்சூர் பகுதிகளில் வேடம் கட்டி ஆடும் சடங்குக் கலை. அங்கிருந்து சினிமாவுக்குப் போன பெயர், சினிமாவிலிருந்து ராக் ஆல்பத்துக்கு வந்த பாட்டு. சினிமாவிடமிருந்து கடன் வாங்கினார்கள் என்று குறை சொல்வதற்கில்லை. சினிமாவே கிராமத்திடம் வாங்கியதுதான்.

பாம்பின் பயணம்

தமிழ் வாசகர் அதிகம் நிற்க வேண்டிய இடம் 'ஆடு பாம்பே'. இந்த வரிகள் நாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு'. உடலுக்குள் சுருண்டு கிடக்கும் சக்தியைப் பாம்பாக உருவகித்து, எழுந்து ஆடும்படி அழைக்கும் பாட்டு. சித்தர் பாடல்கள் தெரிந்த எவருக்கும் உடனே நினைவு வருவது பாம்பாட்டிச் சித்தர். அவருடைய பாடல்களும் பாம்பை ஆடச் சொல்லியே முடிகின்றன. அந்தச் சித்தர் தவம் செய்ததாக மக்கள் நம்பும் குகை கோவை மருதமலையில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலுக்கு அருகில்.

இது தற்செயலான ஒற்றுமை அல்ல. 1888-ல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவி, கோயில் பிரதிஷ்டை ஒரு சாதியின் ஏகபோகம் அல்ல என்று காட்டிய குரு, தமிழை நன்கு கற்றவர். அவருக்கு யோகம் பயிற்றுவித்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். குரு தனித்துத் தவம் இருந்தது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மருத்துவாழ் மலையில். திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் தந்தார். தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் எழுதினார். சித்தர் மரபு மலையாளத்துக்குள் போக அவர் ஒரு வாசல். அந்த வாசல் வழியே போன பாம்பு, அவர் 1928-ல் மறைந்து 80 ஆண்டுகள் கழித்து மின் கிதாருக்கு ஆடியது.

ஞானப் பாட்டை இப்படி இரைச்சலோடு பாடலாமா என்ற முணுமுணுப்பு இத்தகைய முயற்சிகளுக்கெல்லாம் எழுவதுதான். பதில் சித்தர்களிடமே இருக்கிறது. அவர்கள் பாட்டு கருவறைக்கானது அல்ல. பண்டாரங்களும் பரதேசிகளும் தெருத் தெருவாகக் கொண்டுபோன பாட்டு. அதில் மந்திரத்தின் மென்மையைவிடக் குத்தலும் அதட்டலும் அதிகம். பாம்பை ஆடச் சொல்வது ஒரு கட்டளை. கட்டளையை முணுமுணுக்க முடியாது. 'அவியல்' அதை உரத்துச் சொன்னபோது பாட்டின் குணம் கெடவில்லை. நூற்றாண்டு காலப் பூஜையறை மரியாதையில் அது இழந்திருந்த முரட்டுத்தனம்தான் திரும்பி வந்தது.

தமிழ்நாட்டிலும் இதே வேலை பத்தாண்டு கழித்து நடந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசரின் சொல்லிலிருந்து குழுவுக்குப் பெயர். அங்கே நாராயண குரு, இங்கே அயோத்திதாசர். தென்னிந்தியாவில் ராக் சொந்தக் குரலைத் தேடும்போதெல்லாம் சாதியை எதிர்த்த ஒரு முன்னோடியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

சினிமா என்னும் கடல்

முதல் ஆல்பத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதுதான் சுயேச்சைக் குழுக்களின் நிரந்தரக் கவலை. சென்னை 1980-களில் இதைப் பார்த்தது. 'ரூட்ஸ்', 'நெமிசிஸ் அவென்யூ' போன்ற குழுக்களில் கீபோர்டு வாசித்த இளைஞர் 1992-ல் 'ரோஜா'வுக்கு இசையமைத்தார். அதற்குப் பிறகு ஏ.ஆர். ரஹ்மானின் குழுக்கள் பற்றி யாரும் கேட்கவில்லை. நதிகள் கடலில் கலப்பதில் தவறில்லை. ஆனால் கலந்த பிறகு நதியின் பெயர் இருப்பதில்லை.

'அவியல்' இந்த விஷயத்தில் ஓரளவு தப்பித்தது. ஆஷிக் அபு 2011-ல் எடுத்த 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் 'ஆனக்கள்ளன்' பாட்டைக் குழுவாகவே, குழுவின் பெயரிலேயே தந்தார்கள். சினிமா கேட்ட பாணிக்கு இவர்கள் மாறவில்லை. இவர்கள் பாணியைச் சினிமா கேட்டு வாங்கியது. அதே ஆண்டு 'சாப்பா குரிசு' படத்தின் மூலம் ரெக்ஸ் விஜயன் இசையமைப்பாளர் ஆனார். 'நீலாகாசம் பச்சக்கடல் சுவந்ந பூமி' (2013), 'மாயாநதி' (2017), 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) என்று அவர் பயணம் தொடர்ந்தது. புதிய தலைமுறை மலையாளப் படங்களின் ஒலி என்று இன்று சொல்லப்படுவதில் அந்த 2008 ஆல்பத்தின் கிதாருக்குப் பங்கு உண்டு. அதற்குக் கொடுத்த விலை, இரண்டாவது ஆல்பத்துக்காக ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது.

பின்னால் வந்தவர்களுக்குப் பாதை சற்று அகலமாக இருந்தது. மாத்ருபூமி குழுமத்தின் கப்பா டி.வி. 2013-ல் தொடங்கிய 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சி, குழுக்களுக்கு ஒரு வாரந்தர மேடை கொடுத்தது. கொச்சியின் 'தைக்குடம் பிரிட்ஜ்' அங்கே பிரபலமாகி, 2015-ல் 'நவரசம்' என்ற முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதன் வயலின் கலைஞர் கோவிந்த் வசந்தாவைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2018-ல் வந்த '96' படத்தின் பாடல்களே போதும்.

பாலக்காட்டின் பங்கு 'அகம்' குழுவின் வழியே வந்தது. பெயரே சங்கத் தமிழ். பெங்களூரில் 2003-ல் தொடங்கிய இந்தக் குழுவின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாலக்காடு மாவட்டத்து ஷொர்ணூர்க்காரர். 2012-ல் வந்த முதல் ஆல்பமான 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்', சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவையும் தியாகராஜரின் ஹம்ஸநாதக் கீர்த்தனையையும் ராக் வடிவில் தந்தது. குட்டநாட்டுப் படகுப் பாட்டுக்கும் அதில் இடம் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதரையும் பாலக்காடு மணி அய்யரையும் தந்த மாவட்டத்திலிருந்து வரும் ராக் பாடகர் ராகத்தை விட்டுவிட்டு வர முடியாதல்லவா? 'அவியல்' வயலுக்குப் போனது, 'அகம்' கச்சேரி மேடைக்குப் போனது. இருவரும் ஆங்கிலத்திலிருந்து திரும்பிய ஊர் ஒன்றுதான்.

எல்லையில் கேட்கும் குரல்

எல்லை மாவட்டங்களில் இந்தக் கதைக்கு இன்னொரு பரிமாணம் இருக்கிறது. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று போராட்டம் நடந்தும், மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அவை கேரளத்தோடு நின்றன. கோடு போட்டவர்கள் மண்ணைப் பிரித்தார்கள், நாக்கைப் பிரிக்க முடியவில்லை. மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் இடம் பாலக்காட்டுச் சித்தூர். அதிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஊர்களில் வீட்டு மொழி தமிழ்.

இந்தக் கலப்பு மொழிக்கு வெகு காலம் மேடை கிடைக்கவில்லை. கிடைத்தபோது அதன் வலு தெரிந்தது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் போனசுக்காகவும் கூலிக்காகவும் சாலையில் உட்கார்ந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஓரம்கட்டிவிட்டு அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. தமிழ்ப் 'பொம்பளை'யும் மலையாள 'ஒருமை'யும் கலந்த பெயர். போனஸ் கோரிக்கையில் கம்பெனி இறங்கி வந்தது.

அட்டப்பாடியில் இருளர் இனத்து நஞ்சியம்மா 2020-ல் 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியில் பாடினார். தமிழுக்கு நெருக்கமான அந்த இருளர் மொழிப் பாட்டுக்கு, 2022-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தது. முறையாகச் சங்கீதம் கற்காதவருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று சில குரல்கள் எழுந்தன. கேரளத்தின் முன்னணி இசைக் கலைஞர்கள் பலர் நஞ்சியம்மாவின் பக்கம் நின்றார்கள். ஆடு மேய்த்துக்கொண்டே பாடியவரின் பாட்டைத் தரம் பார்க்கும் தராசு எது என்று நாடு முழுவதும் விவாதித்தது.

2008-ல் நான்கு இளைஞர்கள் ஒரு ஆல்பத்தின் மூலம் எழுப்பியதும் ஏறக்குறைய இதே கேள்விதான். நவீனமாக ஒலிக்க ஒரு மொழிக்கு யாருடைய அனுமதி வேண்டும்? வயலில் குனிந்தவர்களின் சொல்லுக்கு மின் கிதார் பொருந்தும் என்றால், தேயிலைத் தோட்டத்து லயங்களில் புழங்கும் சொல்லுக்கும் பொருந்தும். மருதமலைச் சித்தரின் பாம்பு விசா கேட்காமல் கணவாயைத் தாண்டி, மொழி மாறி, வாத்தியம் மாறி ஆடிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருக்கும் பையன்களும் பெண்களும் கவனிக்க வேண்டியது அதைத்தான்.